நீர் அருந்துகிறது

லாரி வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்கள்.
அதுவரை முஸ்திக்
தீவனக் குழிக்குப் பின்னால், சிமெண்ட் தரையில்,
நீலத் தார்ப்பாய்க்கு அடியில்.
நான்கு முனையிலும் டிராக்டர் டயர் வைத்தான் ஓஸ்தாப்.
காற்றுக்காக இல்லை, நரிகளுக்காக.

புதன் இரவு பத்தரை.
தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது
போன் அதிர்ந்தது:
4417 நீர் அருந்துகிறது.

ஈரக் கையோடு நின்றேன்.

அதன் முதல் இரைப்பையில் கிடக்கிறது கருவி.
என் நடுவிரல் நீளம், வெள்ளை.
இரண்டு வருடம் முன்பு தொண்டைக்குள் குழாய் விட்டு
நான்தான் இறக்கினேன்.
உள்ளே போனால் திரும்பாது,
கடைசிவரை கூடவே இருக்கும் என்றான்
தாலினிலிருந்து விற்க வந்தவன்,
கல்யாண வீட்டில் பேசுகிற குரலில்.
பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சூட்டை அளக்கும்.
வழக்கத்துக்குக் கீழே இறங்கினால்
மாடு பச்சைத் தண்ணீர் குடிக்கிறது என்று கணக்கு.
குளிர்ச்சிக்கு
வேறு காரணம் எதுவும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

பதினொன்றரைக்கு நீர் அருந்துகிறது.
ஒன்றே காலுக்கு நீர் அருந்துகிறது.
முப்பத்தைந்து பாகை. முப்பத்து நான்கு.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினொன்று.
இரண்டு மணிக்கு மஞ்சள் முக்கோணம் ஒன்று:
நீர் அளவு மிக அதிகம். தொட்டியைச் சரிபார்க்கவும்.

சிரித்துவிட்டேன்.
சிரித்த வாயை மூடத் தெரியாமல்
கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய் விடியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
டாக்டர் ரெயின் கேட்கவில்லை.
பால் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து
வாளியில் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.
எச்சரிக்கை வந்தது இரண்டு நாற்பத்து நான்குக்கு.
நான் பார்த்தது ஐந்தரைக்கு.
இடைப்பட்ட நேரம் முழுதும்
கால்சியம் பாட்டில்
அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தது.

போனின் வாயை அடைத்தது நான்தான்.
அதற்கு முந்தின வாரமெல்லாம்
4388 பருவத்துக்கு வந்துவிட்டதென்று ராத்திரி ராத்திரியாய் அலறியது.
ஓடிப்போய்ப் பார்த்தால்
அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும்.
விசிறி நின்றுவிட்டது என்றது.
என் தொப்பியைத் தட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது விசிறி.
பதினேழு பொய்
எண்ணி வைத்திருக்கிறேன்.
பதினெட்டாவது முஸ்திக்.

மூன்று பத்துக்கு மறுபடி அதிர்வு.
4402. ஈனும் நேரம் நெருங்குகிறது.
பத்தொன்பது, என்று சொல்லிக்கொண்டே பூட்ஸ் போட்டேன்.

இந்தமுறை மெய்.
வாலைத் தூக்கி நின்றது 4402.
இரண்டு குளம்பு எட்டிப் பார்த்தன,
அடிப்பக்கம் மேலே திரும்பி.
பின்னங்கால்கள்.
ஓஸ்தாப்பை எழுப்பினேன்.
உள்சட்டையோடு ஓடிவந்தவன்
பொல்தாவா பாஷையில் யாரையோ திட்டினான்,
மாட்டையா, என்னையா, போனையா தெரியவில்லை.
கயிறு கட்டினோம். அது முக்கும்போது இழுத்தோம்,
அது நிற்கும்போது நின்றோம்.
சொதசொதவென்று வைக்கோலில் விழுந்தது கிடாரிக் கன்று.
மூச்சில்லை.
நாசியில் வைக்கோல் குச்சியை விட்டு ஆட்டினான் ஓஸ்தாப்.
தும்மியது.

தாய் தொட்டிக்குப் போய் முகத்தைப் புதைத்தது.
நிறுத்தவே இல்லை,
கழுத்தில் மடக்கு மடக்காய் இறங்குவது தெரிந்தது.
என் பையில் போன் அடித்தது, இரண்டு முறை.

4402 நீர் அருந்துகிறது.
4417 நீர் அருந்துகிறது.

ஓஸ்தாப் எட்டிப் பார்த்தான்.
அணைத்துவிடேன் ஊர்வே, என்றான்.
ஒலியைக் கூட்டி வைத்தேன்.

வெள்ளி, காலை பத்து மணி.
லாரிக்காரன் முஸ்திக்கின் காலில் சங்கிலி மாட்டினான்.
கையெழுத்து இரண்டு இடத்தில்.
லாரி பைடே சாலைக்குத் திரும்பி
என் தபால் பெட்டியைத் தாண்டும்வரை
அருந்திக்கொண்டே போனது,
பதினாறு பாகையில்.

பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு வரி:
4417 தொடர்பில் இல்லை.
மின்கலம் எழுபத்தொரு சதவீதம்.